போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குதா? பழைய பேட்டரிக்குள் என்னதான் நடக்கிறது?

டீக்கடையில் நான்கு பேருக்கு டீ சொல்லியாயிற்று. காசு கொடுக்க போனை எடுத்து க்யூஆர் கோடு முன்னால் நீட்டும்போது திரை ஒருமுறை மினுக்கி அணைந்துவிடுகிறது. இத்தனைக்கும் வீட்டிலிருந்து கிளம்பும்போது 40 சதவீதம் இருந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சார்ஜரில் செருகினால், ஆன் ஆனவுடனே 28 சதவீதம் என்று காட்டுகிறது. 'இவ்ளோ சார்ஜ் இருந்தும் எதுக்கு ஆஃப் ஆச்சு?'

மூன்று, நான்கு வருடமாக ஒரே போனை வைத்திருக்கும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கேமரா நன்றாக இருக்கிறது, டிஸ்பிளேயில் கீறல்கூட இல்லை. ஆனால் காலையில் ஃபுல்லாக ஏற்றிய சார்ஜ் மதியச் சாப்பாட்டுக்குள் காலி. 'போன் போச்சு, புதுசு வாங்கிடலாம்' என்ற முடிவுக்குப் பெரும்பாலானோர் வருவது இந்த இடத்தில்தான். உண்மையில் கிழடு தட்டியிருப்பது போன் அல்ல, அதற்குள் இருக்கும் ஒரே ஒரு பாகம். அந்தப் பாகம் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால், பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ செலவழிக்கும் முன் ஒருமுறை யோசிக்கலாம்.

உப்புத் தண்ணீரும் பேட்டரியும்

இன்றைய போன், லேப்டாப், இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயனி வகை பேட்டரி. இதை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது சோனி நிறுவனம், 1991-ல். அதற்கு அடிப்படை போட்டுக் கொடுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97!

இந்த பேட்டரி வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒருபக்கம் நேர்முனை, மறுபக்கம் கிராஃபைட்டால் ஆன எதிர்முனை, நடுவில் மின்பகுளி என்ற திரவம். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி கிராஃபைட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போனைப் பயன்படுத்தும்போது திரும்பிப் போகும். இப்படி அங்கும் இங்கும் ஆடுவதால் ஆரம்பக் காலத்தில் ஆய்வாளர்கள் இதை 'ஆடும் நாற்காலி' பேட்டரி என்றே அழைத்தார்கள்.

போன லித்தியம் எல்லாம் திரும்பி வந்துவிட்டால் பேட்டரிக்கு வயதே ஆகாது. ஆனால் அப்படி நடப்பதில்லை. முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. இந்தப் படலம் தேவையானதுதான், அது இல்லாவிட்டால் திரவம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் வருடங்கள் போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. ஒவ்வொரு முறை தடிக்கும்போதும் சிறிதளவு லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த லித்தியம் இனி வேலைக்கு ஆகாது. உப்புத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, கிட்டத்தட்ட அதைப் போன்ற ஒரு படிவு.

இதனால் இரண்டு விதமான நஷ்டம். ஒன்று, பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது. 5,000 மில்லிஆம்பியர்-மணி என்று பெட்டியில் போட்டிருந்த பேட்டரி, சில வருடங்களில் 4,000 மட்டுமே பிடிக்கும். திரையில் 100 சதவீதம் என்றுதான் காட்டும். ஆனால் அது இப்போது இருக்கும் சின்ன டேங்க்கின் 100 சதவீதம்.

இரண்டாவது நஷ்டம் பலருக்கும் தெரியாது. டீக்கடையில் மானத்தை வாங்கியது அதுதான். படலம் தடிக்கத் தடிக்க பேட்டரியின் உள்தடை கூடுகிறது. மொட்டைமாடி டேங்க்கில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குழாய்க்குள் உப்பு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயை லேசாகத் திறந்தால் சமாளிக்கும். ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டிலும் சொட்டுத்தான் வரும். போனில் கேமராவைத் திறப்பது, வெயிலில் திரை வெளிச்சத்தைக் கூட்டுவது, சிக்னல் வீக்கான இடத்தில் 5ஜி தேடுவது எல்லாம் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும் வேலைகள். பழைய பேட்டரியால் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சட்டென்று கீழே விழுகிறது. போனுக்குள் இருக்கும் பாதுகாப்பு அமைப்பு 'இதுக்கு மேல தாங்காது' என்று அணைத்துவிடுகிறது. டேங்க்கில் தண்ணீர் மிச்சம் இருந்ததால்தான், சார்ஜரில் போட்டதும் 28 சதவீதம் என்று வந்தது.

ஆப்பிள் ஒப்புக்கொண்ட கதை

இந்த உள்தடைப் பிரச்சினைதான் 2017-ல் உலக அளவில் பெரிய சர்ச்சையானது. ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலருக்கு போன் திடீர் திடீரென்று அணைந்துபோனது. அந்த ஆண்டு ஜனவரியில் வந்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டுக்குப் பிறகு அணைவது குறைந்தது. ஆனால் போன் மந்தமாகிவிட்டது என்ற புலம்பல் கிளம்பியது.

டிசம்பரில், டொரன்டோவைச் சேர்ந்த பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தின் ஜான் பூல், ஆயிரக்கணக்கான ஐபோன்களின் வேகப் பரிசோதனைத் தரவுகளை எடுத்துப் பார்த்தார். ஒரே மாடல் போன்கள்தான், ஆனால் அந்த அப்டேட்டுக்குப் பிறகு சில போன்களின் வேகம் மட்டும் படிப்படியாகக் குறைந்திருந்தது. அவர் இதை வெளியிட்ட இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: ஆமாம், பேட்டரி பழசான போன்களில் பிராசசரின் வேகத்தை வேண்டுமென்றேதான் குறைக்கிறோம், போன் அணையாமல் இருப்பதற்காக.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது நியாயமான தீர்வுதான். அடைத்த குழாயில் ஒரே நேரத்தில் இரண்டு டேப் திறக்காமல் பார்த்துக்கொள்வதைப் போல. சொல்லாமல் செய்ததுதான் தவறு. பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பிவிடும் என்பது தெரியாமல் எத்தனையோ பேர் புது போனே வாங்கிவிட்டார்கள். டிசம்பர் 28 அன்று ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 2018 முழுக்க 29 டாலராகக் குறைத்தது. போனிலேயே பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் வசதியும் 2018-ல் வந்தது. பின்னாளில் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 500 மில்லியன் டாலர் வரை தருவதாகச் சொல்லி, தவறை ஒப்புக்கொள்ளாமலே ஆப்பிள் வழக்கை முடித்துக்கொண்டது.

இதைவிடச் சுவாரசியமான விஷயம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. 2019 ஜனவரி 2 அன்று முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று டிம் குக் அறிவித்தார். முக்கியக் காரணம் சீனச் சந்தை. ஆனால், ஐபோனைப் புதிதாக மாற்றுவோர் குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக, மலிவாகக் கிடைத்த பேட்டரி மாற்றத்தையும் அவரே குறிப்பிட்டிருந்தார். பேட்டரியை மாற்றினால் போன் இன்னும் ஓடும் என்பதற்கு, போனைத் தயாரித்த நிறுவனத்தின் கடிதத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

வெயிலே முதல் எதிரி

பேட்டரியின் வயதை 'சைக்கிள்' கணக்கில் சொல்வது வழக்கம். மொத்தமாக 100 சதவீதம் செலவழித்தால் ஒரு சைக்கிள். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றாலும் இரண்டும் சேர்ந்து ஒன்றுதான். ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சைக்கிளுக்குப் பிறகும், ஐபோன் 15 மாடல்கள் 1,000 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். அதுவும் சரியான சூழலில் பயன்படுத்தினால்தான்.

அந்தச் 'சரியான சூழல்' என்பதில்தான் தமிழ்நாட்டுக்குச் சிக்கல். 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கமெல்லாம் மே மாதம் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். வெயில் படும் டேஷ்போர்டில் வைத்த போனின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம்.

பேட்டரிக்குள் நடக்கும் அந்தப் படிவு வேலை ஒரு வேதிவினை. சூடு கூடினால் வேதிவினையும் வேகமெடுக்கும். பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தால் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும், அப்போதும் உள்ளே சிதைவு அதிகம். இரண்டும் சேர்ந்தால் மோசம். கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் 'பேட்டரி யுனிவர்சிட்டி' தளம் தரும் மதிப்பீட்டைப் பார்த்தால் இது புரியும். 40 சதவீத சார்ஜோடு 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்திருந்த பேட்டரியில் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே முழு சார்ஜோடு 40 டிகிரியில் வைத்திருந்தால் மிஞ்சுவது 65 சதவீதம்தான். ஒரு போன் கால்கூடப் பேசாமல், வெறுமனே அலமாரியில் இருந்ததற்கே இந்த நிலை.

இதில் அதிகம் அடிபடுபவர்கள் டெலிவரி வேலையிலும் டாக்சியிலும் இருப்பவர்கள். பைக் ஹேண்டிலில் மாட்டிய போன், உச்சி வெயில், எந்நேரமும் ஓடும் மேப், கூடவே பவர் பேங்க்கில் சார்ஜ். பேட்டரியை வேகமாகக் கிழடாக்க இதைவிடப் பொருத்தமான சோதனைக் கூடத்தை யாராலும் அமைக்க முடியாது. அவர்களுக்கு போன் அணைந்தால் ஆர்டர் போச்சு, ஆர்டர் போனால் அன்றைய காசு போச்சு. வேறு வழி இல்லாதவர்களுக்கு ஒன்றுதான்: போனைச் சூடான நேரத்தில் சார்ஜில் போடாமல், ஆர்டருக்காகக் காத்திருக்கும்போது நிழலில் போட்டுக்கொள்வது. ரப்பர் கவரைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. வெயிலில் திரை தானாக மங்குவதும், சார்ஜ் ஏறுவது நின்றுபோவதும் கோளாறு அல்ல. போன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது.

ராத்திரி முழுக்க சார்ஜில் போடலாமா?

வீட்டுக்கு வீடு நடக்கும் விவாதம் இது. 'நைட்டு ஃபுல்லா போட்டா வெடிச்சிடும்' என்பது ஒரு கட்சி. 'முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்' என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளைப் பாதியில் சார்ஜ் போட்டே பழக்கினால், அந்தப் பாதியை மட்டுமே 'ஞாபகம்' வைத்துக்கொள்ளும் பழக்கம் அவற்றுக்கு இருந்தது. பேட்டரி மாறி முப்பது வருடமாகிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை. லித்தியம் அயனியைத் தினமும் பூஜ்யம் வரை இறக்குவது அதற்குக் கெடுதல்தான்.

ராத்திரி சார்ஜ் விஷயத்தில், நல்ல சார்ஜராக இருந்தால் 100 வந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும். வெடிக்கும் பயம் தேவையில்லை. ஆனால் ஆறேழு மணி நேரம் உச்ச மின்னழுத்தத்திலேயே இருப்பது வயதைக் கூட்டும். அதனால்தான் இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியும், விடியும் நேரத்தில் மட்டும் மீதியை ஏற்றும் வசதியும் வந்திருக்கின்றன. செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் தேடினால் கிடைக்கும். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. சூடு வெளியேற வழியே இல்லை.

ஆனால் 80-ல் நிறுத்தியே தீர வேண்டும் என்று வெறி பிடித்து அலைவதும் வேடிக்கைதான். மூன்று வருடம் கழித்து பேட்டரி 80 சதவீதம் ஆகிவிடுமே என்று பயந்து, இன்றைக்கே 80 சதவீதத்தோடு வாழ்கிறோம் என்று அர்த்தம். நாள் முழுக்க மேசையில் சார்ஜர் பக்கத்திலேயே இருப்பவருக்கு அது சரி. வெளியூர் கிளம்புபவர் தாராளமாக 100 வரை ஏற்றிக்கொள்ளலாம்.

உப்பிப்போனால் யோசிக்க வேண்டாம்

சார்ஜ் நிற்காதது தொல்லை. உப்புவது ஆபத்து. உள்ளே திரவம் சிதையும்போது வாயு உருவாகி, பேட்டரி அப்பளம் போல் எழும்பும். போனின் பின்மூடி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், டிஸ்பிளே விலகி இடுக்கு வழியாக வெளிச்சம் தெரியும். லேப்டாப்பில் டச்பேட் அழுத்த வராமல் போவதுதான் முதல் அறிகுறி. டச்பேட் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப்போய், திறந்து பார்த்தால் பேட்டரி தலையணையாக இருக்கும்.

அப்படி இருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். அழுத்தி உட்காரவைப்பது, ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது போன்ற யூடியூப் வைத்தியங்கள் எல்லாம் நேரடியாகத் தீயில்தான் முடியும்.

கடையில் என்ன கேட்பது?

'அண்ணா, சார்ஜ் சுத்தமா நிக்கல.'

'பேட்டரி வீக்கா இருக்கும்மா. ஒரிஜினல் போடவா, காப்பி போடவா?'

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உள்ளூர் பஜாரிலோ பேச்சு இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கும். ஒரிஜினல் என்று எல்லோரும் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது வேறு. சும்மா வைத்திருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும் என்பதால், ஐந்து வருடத்துக்கு முன் தயாராகி, ஏசி இல்லாத கடையின் பரணில் கிடந்த 'ஒரிஜினல்', உங்கள் பழைய பேட்டரிக்கு அண்ணனாக இருக்கக்கூடும். பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அதே அளவு பேட்டரியில் கம்பெனி கொடுத்ததைவிட மிக அதிகமான மில்லிஆம்பியர்-மணி போட்டிருந்தால் அது லேபிளில் மட்டும்தான் இருக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கூடுதல்தான். அப்படியும் புது போனின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு பங்கு. வெளிக்கடையில் மாற்றினால், தண்ணீர் புகாமல் காக்கும் பசை மறுபடி சரியாக ஒட்டாமல் போகலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சில ஐபோன்கள், வெளி பேட்டரியைப் போட்டால் 'அடையாளம் தெரியாத பாகம்' என்று அறிவிப்பும் காட்டும்.

மாற்றும் முன், பிரச்சினை உண்மையிலேயே பேட்டரிதானா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பேட்டரி செட்டிங்ஸில் எந்த ஆப் அதிகம் உறிஞ்சுகிறது என்று தெரியும். ஐபோனிலும் புதிய பிக்சல் போன்களிலும் பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம் என்றே காட்டும், சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பில் பரிசோதனை வசதி உண்டு. 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றலாம். 90-க்கு மேல் இருந்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் குற்றவாளி வேறு. ஐந்தாறு வருடமாக அப்டேட்டே வராத, வங்கி ஆப் ஓட மறுக்கும் போனுக்குப் புது பேட்டரி போடுவதும் வீண்தான்.

இயர்பட்ஸ் கதை இன்னும் சோகம். விரல் நுனி அளவு பேட்டரி என்பதால் தினமும் ஏறக்குறைய ஒரு சைக்கிள் ஓடிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு காதில் மட்டும் முதலில் சார்ஜ் தீரும். பெரும்பாலும் திறந்து மாற்றும் விதத்தில் அதைச் செய்வதில்லை என்பதால், அப்படியே குப்பைக்குப் போகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை மாற்றிய காலம் ஒன்று இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதை ஓரளவு திரும்பக் கொண்டுவருகிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே அமலில் இருக்கும் விதிகளின்படி, புதிதாக விற்பனைக்கு வரும் போன், டேப்லெட் பேட்டரிகள் 800 சைக்கிளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஏழு வருடங்களுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும் என்ற தனி விதி 2027 பிப்ரவரி 18-ல் இருந்து வருகிறது, சில விலக்குகளோடு.

இந்தியாவில், நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. எந்த கம்பெனி எங்கே சர்வீஸ் தருகிறது, பாகத்துக்கு என்ன வாரன்டி போன்ற விவரங்களை ஒரே இடத்தில் தருவது நோக்கம். ஆனால் 800 சைக்கிள் தாங்க வேண்டும் என்பது போன்ற கட்டாயம் இங்கே இல்லை. கடையோடு தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

சொல்லாமல் செய்வது மட்டும்தான் பிரச்சினை என்றும் இல்லை. 2025 ஜனவரியில் கூகுள், பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு கட்டாய அப்டேட் அனுப்பியது. சிலரின் போனில் ஒரே இரவில் பேட்டரி நேரம் பாதிக்கும் கீழே போனது. இலவச பேட்டரி மாற்றம் உள்ளிட்ட இழப்பீட்டை கூகுள் அறிவித்தது. சூடாகும் அபாயம் காரணம் என்பது பிறகு தெரிந்தது. பேட்டரி விஷயத்தில் சாஃப்ட்வேர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை வாங்குபவர்கள் மறுபடி ஒருமுறை பார்த்தார்கள்.

டிராயரில் தூங்கும் போன்

புது போன் வாங்கிய பிறகு பழையதை 'ஆத்திர அவசரத்துக்கு ஆகும்' என்று டிராயரில் போட்டுவைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. ஃபுல் சார்ஜோடும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. பாதி அளவு ஏற்றி, சுவிட்ச் ஆஃப் செய்து, சூடு படாத இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியே மறந்துவிட்டால், ஒருநாள் திறக்கும்போது உப்பிய போன்தான் கையில் வரும்.

கழற்றிய பழைய பேட்டரியைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தால், அது வீட்டுக் குப்பையோடு போகக் கூடாது. குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் பேட்டரி மேலேயே இருப்பது அதற்காகத்தான். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. இணைப்பு முனையில் செல்லோடேப் ஒட்டி, கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடலாம்.